வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த லென்ஸ்? ஒரு ஜூம், ஒரு பிரைம்

பயணத்துக்குப் பை கட்டும்போது 14 மி.மீ. முதல் 400 மி.மீ. வரை இடைவெளியே விழாமல் லென்ஸ்களை அடுக்கத் தோன்றும். எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்ற பயம்தான் காரணம். மூன்றாம் நாளுக்குள் அதில் பாதி விடுதி அறையிலேயே தங்கிவிடும். மீதி லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பொருத்துவதற்குள் எதிரே நடந்தது முடிந்திருக்கும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு ஒரு நல்ல ஜூமும் (பார்வையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ்), வெளிச்சம் குறைந்த இடத்துக்கென ஒரு சிறிய பிரைமும் (ஒரே பார்வை கொண்ட லென்ஸ்) போதும். மூன்றாவது லென்ஸ் வேண்டுமென்றால் அதற்குப் பெயர் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும். காட்டுவிலங்குகளைப் பார்க்கப் போகும் சஃபாரிச் சவாரி ஒரு காரணம், துருவ ஒளி இன்னொன்று. "எதற்கும் இருக்கட்டும்" என்பதைக் காரணமாகச் சேர்க்க வேண்டாம்.

பழைய படங்களைக் கணக்கெடுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன், இதுவரை போன பயணங்களில் எடுத்தவற்றிலிருந்து உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த 200 படங்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அதை எடுத்த குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்; சிறிதென்றால் அகலப் பார்வை, பெரிதென்றால் நெருக்கப் பார்வை) பதிவாகியிருக்கும். விண்டோஸில் விவரப் பட்டியலாகப் பார்க்கும்போது ஃபோகல் லெங்த் என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால் அந்த வரிசையில் அடுக்கலாம். படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் மெட்டாடேட்டா ஃபில்டர் இதையே இன்னும் எளிதாகச் செய்யும். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகாம் என்ற மென்பொருள் இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் எண்கள் சில இடங்களில் குவிந்து நிற்கும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் எடுத்த படங்கள் பெரும்பாலும் 18-லும் 55-லும்தான் குவிந்திருக்கும். இதை வைத்து "எனக்கு இன்னும் அகலமும் வேண்டும், இன்னும் நீளமும் வேண்டும்" என்று முடிவுகட்ட வேண்டாம். ஜூம் வளையத்தை முட்டும் வரை திருப்பிவிடுவது கையின் பழக்கமாகவும் இருக்கலாம். படங்களைத் திறந்து பாருங்கள். 18-இல் எடுத்தவற்றில் கோபுர உச்சியோ கட்டட ஓரமோ வெட்டுப்பட்டு, பின்னால் போகவும் இடமில்லாமல் இருந்ததா? அப்படியானால் அகலம் தேவை. 55-இல் எடுத்தவற்றைப் பிறகு பாதியளவுக்கு வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? அப்படியானால் நீளம் தேவை. இரண்டும் இல்லையென்றால் இருக்கும் லென்ஸின் எல்லைகள் உங்களுக்குப் போதுமானவை. குறை வேறெங்கோ, அநேகமாக வெளிச்சத்தில், இருக்கிறது.

மங்கிய, ஆடிய, புள்ளி புள்ளியாய் வந்த படங்களையும் தனியே எடுத்துப் பாருங்கள். அவை எல்லாம் அறைக்குள்ளோ இரவிலோ எடுத்தவையாக இருந்தால், பெரிய ஜூமுக்குச் செலவிட நினைத்த காசை வெளிச்சம் வாங்கும் பிரைமுக்குத் திருப்புவது நல்லது.

எத்தனை மீட்டர் அகலம் விழும்?

குவியத் தூர எண்ணைக் கேட்டதும் காட்சி மனதில் வராது. கீழே உள்ள கணக்கு உதவும்.

படத்தில் விழும் அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ குவியத் தூரம்.

சென்சார் என்பது கேமராவுக்குள் படம் விழும் சில்லு. அதன் அகலம் ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய அளவில் 36 மி.மீ. அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராக்களில் சுமார் 23.5 மி.மீ., கேனான் ஏபிஎஸ்-சியில் 22.3 மி.மீ. இன்னும் சிறியதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17.3 மி.மீ.

ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் 36-ஐ 24-ஆல் வகுத்து ஒன்றரை. அதாவது எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, அதில் ஒன்றரை மடங்கு அகலம் கிடைக்கும். 60 மீட்டர் நீளமுள்ள அரண்மனை முகப்பு முழுதும் விழ 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 மி.மீ. என்றால் ஏறக்குறைய 58 மீட்டர், 50 மி.மீ. என்றால் 83 மீட்டர். எதிரே சதுக்கம் இருந்தால் 50-உம் போதும். 10 மீட்டர் சந்துக்குள் நின்றால் 24-இல் கூட 15 மீட்டர்தான் விழும்.

ஏபிஎஸ்-சியில் இதே 24-இன் பார்வை 16 மி.மீ. லென்ஸில் கிடைக்கும். 16-இல் தொடங்கும் ஜூமுக்கும் 18-இல் தொடங்கும் ஜூமுக்கும் வித்தியாசம் இரண்டே மி.மீ. என்று தோன்றும். 10 மீட்டர் தூரத்தில் 16-இல் கிட்டத்தட்ட 14.7 மீட்டரும், 18-இல் 13 மீட்டரும் விழும். குறுகலான பழைய நகரங்களில் பின்னால் சுவர் முட்டும்போது இந்த ஒன்றரை மீட்டருக்கு மதிப்பு அதிகம். நீளமான முனையில் 120-ஆ 105-ஆ என்பதற்கு அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

காரணம், நீளத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அகலத்தை அப்படிச் சேர்க்க முடியாது. 24 மெகாபிக்சல் படத்தை ஒன்றரை மடங்கு நெருக்கமாக வெட்டினால் மீதம் சுமார் 10.7 மெகாபிக்சல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சிட 8.7 மெகாபிக்சல் போதும். ஆகவே 200 மி.மீ.யில் எடுத்ததை வெட்டி 300-இன் பார்வைக்குக் கொண்டுவரலாம். லென்ஸ்களுக்கு இடையே 35-க்கும் 50-க்கும் நடுவில், 120-க்கும் 180-க்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் அது ஒரு குறையே இல்லை.

முதல் லென்ஸ்: நாள் முழுதும் கேமராவில் இருக்கும் ஜூம்

இங்கே மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பெற்று ஒன்றை விடுகிறீர்கள்.

முதலாவது, எஃப் 4 மாறா அபெர்ச்சர் கொண்ட 24-105 அல்லது 24-120 வகை. அபெர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, ஒளி அதிகம். நிக்கான் இசட் 24-120 எஃப் 4 எடை 630 கிராம். கேனான் ஆர்எஃப் 24-105 எஃப் 4 எல் 700 கிராம், சோனி எஃப்இ 24-105 எஃப் 4 ஜி 663 கிராம். ஏபிஎஸ்-சியில் ஃபியூஜியின் 16-80 எஃப் 4 இதற்கு இணை, 440 கிராம். கட்டடம், தெரு, மனிதர், சாப்பாட்டு மேசை என்று பகல் நேர வேலையில் பத்தில் ஒன்பதை இந்த ஒரு லென்ஸ் முடித்துவிடும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே.

இரண்டாவது, சூப்பர் ஜூம். நிக்கான் இசட் 24-200 (570 கிராம்), டாம்ரான் 28-200 (575 கிராம்), கேனான் ஆர்எஃப் 24-240 (750 கிராம்), ஏபிஎஸ்-சியில் கேனான் ஆர்எஃப்-எஸ் 18-150 (310 கிராம்), சோனி 18-135 (325 கிராம்). குடும்பத்தோடு போகிறவருக்கும், லென்ஸ் மாற்றவே விரும்பாதவருக்கும் இது பொருந்தும். இழப்பு வெளிச்சத்தில். நீள முனையில் அபெர்ச்சர் எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும் லென்ஸ்கள் இவற்றில் அதிகம். எஃப் 4-இல் வருவதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒளிதான் அப்போது உள்ளே வரும். வெயிலில் பிரச்சினை தெரியாது. மாலை ஆறு மணிக்குத் தெரியும். டாம்ரான் 28-200 அகல முனையில் எஃப் 2.8 தருகிறது, நல்லதுதான். ஆனால் 28-இல் தொடங்குவதால் 10 மீட்டரில் 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே விழும். கட்டடங்களை விரும்புபவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எஃப் 2.8 ஜூம். ஃபுல் ஃபிரேமில் இவை கனமானவை, பயணத்துக்கு அவ்வளவாகப் பரிந்துரைக்க முடியாது. ஏபிஎஸ்-சியில் கதை வேறு: சிக்மா 18-50 எஃப் 2.8 வெறும் 290 கிராம். கையில் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் (உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத கேமரா) இருந்து, தூரக் காட்சிகளில் ஆர்வம் குறைவென்றால் இதைவிடப் பொருத்தமான பயண ஜூம் சொல்வது கடினம். இதில் ஒரு கவனம்: இந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. உங்கள் கேமரா உடலிலும் அது இல்லையென்றால் மங்கிய உட்புறங்களில் ஷட்டர் வேகத்தைக் குறைக்க, அதாவது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க, முடியாது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர்களுக்குச் சுமை விஷயத்தில் கொடுத்துவைத்தது. பானாசோனிக் 12-60 எஃப் 3.5-5.6 எடை 210 கிராம், பார்வையில் 24-120-க்குச் சமம். ஒலிம்பஸ் 12-100 எஃப் 4 ஒன்று போதும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. 561 கிராமில் 24-200-இன் வீச்சு, அதுவும் மாறா எஃப் 4.

கிட் லென்ஸைப் பற்றி ஒரு சொல். கேமராவோடு வந்தது என்பதாலேயே அதை மட்டமாக நினைப்பது நியாயமில்லை. வெளிச்சமான இடத்தில், எஃப் 8-இல், இன்றைய 16-50, 18-55 வகைகள் தெளிவாகவே எடுக்கும். நிக்கானின் இசட் டிஎக்ஸ் 16-50 வெறும் 135 கிராம். காசு அளவாக இருந்தால் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு பிரைம் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது லென்ஸ்: இருட்டுக்கு ஒரு பிரைம்

ஜன்னல் வெளிச்சம் மட்டும் விழும் பழைய தேவாலயத்தின் உட்புறத்தை எடுத்துக்கொள்வோம். எஃப் 5.6-இல், 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு எண்; ஏறினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 கேட்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் எஃப் 1.8 பிரைம் போட்டால் ஐஎஸ்ஓ 640 போதும். ஒளி கிட்டத்தட்ட பத்து மடங்கு. முகத்தின் நிறமும் துணியின் நெசவும் படத்தில் தங்குவதும் கரைவதும் இந்தப் பத்து மடங்கில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அதே தேவாலயத்தில் ஆள் இல்லை, கூரையும் தூண்களும் மட்டும் என்றால், ஸ்டெபிலைசர் உள்ள எஃப் 4 ஜூமை 1/10 நொடியில் கையிலேயே பிடித்து ஐஎஸ்ஓ 500 அளவில் எடுத்துவிடலாம். ஸ்டெபிலைசர் உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் ஈடுகட்டும். எதிரே நடப்பவரை அது நிறுத்தாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 நொடி வேண்டும். ஆகவே அசையாத உட்புறங்களை ஜூமிடம் விட்டுவிட்டு, இருட்டில் மனிதர்களை எடுப்பதற்கென்று பிரைமை எண்ணுங்கள்.

எந்தப் பிரைம்? 85 மி.மீ.யில் உருவப்படம் அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் உணவகத்தில் ஒன்றரை மீட்டர் எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுத்தால் 85-இல் 64 செ.மீ. அகலம்தான் விழும். அதோடு, 85 எஃப் 1.8 லென்ஸ்கள் பல 80 செ.மீ.க்குக் கிட்டே குவியாது. தட்டில் இருப்பதை எடுக்க எழுந்து பின்னால் போக வேண்டியிருக்கும். 50-இல் விழுவது 1.1 மீட்டர். 35-இல் ஒன்றரை மீட்டர், அதாவது ஆளும் மேசையும் சுற்றுப்புறமும் சேர்ந்து. பயணத்தில் இருட்டு என்றால் பெரும்பாலும் நெருக்கமான இடம். அதனால் 35 அல்லது 40-இன் பார்வை தரும் பிரைமே எங்கள் தேர்வு.

ஃபுல் ஃபிரேமில் நிக்கான் இசட் 40 எஃப் 2 (170 கிராம்), சோனி எஃப்இ 35 எஃப் 1.8 (280 கிராம்), கேனான் ஆர்எஃப் 35 எஃப் 1.8 (305 கிராம்) இருக்கின்றன. ஏபிஎஸ்-சியில் நிக்கான் இசட் டிஎக்ஸ் 24 எஃப் 1.7 (135 கிராம்), ஃபியூஜி 23 எஃப் 2 (180 கிராம்). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 17 எஃப் 1.8 (120 கிராம்), பானாசோனிக் 20 எஃப் 1.7 (87 கிராம்). சில பிராண்டுகளில் மலிவாகக் கிடைப்பது 50 எஃப் 1.8தான். கேனான் ஆர்எஃப் 50 எஃப் 1.8 எடை 160 கிராம். கையில் ஏற்கெனவே அது இருந்தால் அதையே கொண்டுபோங்கள், ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கப் பழகிக்கொள்ளலாம்.

பிரைம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, எப்போதும் முழுதாகத் திறந்து எடுப்பது. ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ. அருகருகே நிற்கும் இருவரில் ஒருவர் அரை அடி பின்னால் இருந்தாலே அவர் முகம் மங்கும். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப் 5.6 வைத்து மூன்று மீட்டரில் நில்லுங்கள். அப்போது 1.2 மீட்டர் ஆழம் கிடைக்கும்.

மூன்றாவது லென்ஸுக்குக் காரணம் உண்டா?

காட்டுவிலங்குச் சவாரி இருந்தால் உண்டு. ஃபுல் ஃபிரேமில் 200 மி.மீ.யில் 100 மீட்டர் தூரத்தில் 18 மீட்டர் அகலம் விழும். யானைக் கூட்டத்துக்கு அது அழகாக இருக்கும், சிறுத்தைக்குப் போதாது. 400-இல் விழுவது 9 மீட்டர். பறவைகளுக்கு அதுவும் குறைவு: 20 மீட்டரில் இருக்கும் 30 செ.மீ. பறவை, 400-இல் கூடப் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான். சுமக்கக்கூடிய நீண்ட ஜூம்களில் கேனான் ஆர்எஃப் 100-400 (635 கிராம்), ஏபிஎஸ்-சிக்கு சோனி 70-350 (625 கிராம்), ஒலிம்பஸ் 75-300 (423 கிராம்) ஆகியவை நல்ல தேர்வுகள். இவற்றின் அபெர்ச்சர் சிறியது என்பதால் விடியற்காலையில் ஐஎஸ்ஓ ஏறும். ஏறட்டும், புள்ளிகள் விழுந்த சிங்கம் ஆடிப்போன சிங்கத்தைவிட மேல். நண்பகல் வெயிலில் சுடும் தரைக்கு மேல் எடுத்தால், கானல் அலையால் எந்த நீள லென்ஸிலும் படம் கலங்கும். குவியம் சரியில்லை என்று அப்போது லென்ஸைத் திட்ட வேண்டாம்.

ஒரே ஒரு முறை பயன்படப் போகும் நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பே கைக்கு வரும்படி எடுங்கள். முதல் நாள் முழுக்கச் சோதனைக்குப் போகும்.

துருவ ஒளியோ விண்மீன்களோ நோக்கமென்றால் 14-24 மி.மீ.க்குள், எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் லென்ஸ் வேண்டும், டிரைபாடும் வேண்டும். விண்மீன்கள் கோடாக இழுபடாமல் இருக்க, 500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்து வரும் நொடிகளைத் தாண்டாதீர்கள். 20 மி.மீ.க்கு அது 25 நொடி. ஏபிஎஸ்-சியில் ஃபுல் ஃபிரேமுக்குச் சமமான குவியத் தூரத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள். பிக்சல் அதிகமுள்ள கேமராக்களில் 500-க்குப் பதில் 300 வைத்தால்தான் விண்மீன் புள்ளியாகவே நிற்கும். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாமல், பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையால் குவியுங்கள்.

அல்ட்ரா வைடு, அதாவது மிக அகலப் பார்வை லென்ஸ் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் கறாராகவே சொல்வோம். பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. 16 மி.மீ.யில் நின்ற இடத்திலிருந்து எடுத்தால் பாதிப் படம் வெறும் தரையாகவும் வானமாகவும் இருக்கும், பார்க்க வந்த கட்டடம் நடுவில் குட்டியாகச் சிறுத்துவிடும். அண்ணாந்து எடுத்தால் தூண்களெல்லாம் பின்னோக்கிச் சாயும். முன்னால் ஒரு பொருளை மிக நெருக்கமாக வைத்து, குனிந்து எடுக்கப் பழகியவருக்கே அந்த லென்ஸ் பலன் தரும். எப்போதாவது தேவைப்படும் அகலத்தை இரண்டு வழிகளில் பெறலாம். பல கைபேசிகளில் 13 மி.மீ. அளவுக்குச் சமமான வைடு கேமரா இருக்கிறது, பகலில் அது போதும். இன்னொன்று, கேமராவை நெடுக்காகப் பிடித்து மூன்று முதல் ஐந்து படங்கள் எடுத்து ஒட்டுவது. ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேற்படிய வேண்டும். வெளிச்ச அளவு, வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), குவியம் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் வானத்தில் பட்டை விழும். மிக அருகில் கைப்பிடியோ தூணோ இருந்தால் ஒட்டும்போது அது உடைந்து தெரியும். அப்போது கைபேசியே மேல்.

எடையைத் தராசில் வையுங்கள்

கேமரா, இரண்டு லென்ஸ், இரண்டு உபரி பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் நாள் முழுதும் தோளில் இருக்கும். இரண்டு கிலோ தாண்டினால் மதியத்துக்குப் பிறகு பையைத் திறக்கவே மனம் வராது. 650 கிராம் ஃபுல் ஃபிரேம் உடலோடு 24-120-உம் 40 எஃப் 2-உம் சேர்ந்தால் 1450 கிராம். 490 கிராம் ஃபியூஜி உடலோடு 310 கிராம் 18-55-உம் 170 கிராம் 35 எஃப் 2-உம் சேர்ந்தால் 970 கிராம். 70-200 எஃப் 2.8 ஒன்றே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். அது முன்னால் நீட்டி நிற்பது தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் தெருவில் மனிதர்கள் இறுகிப்போவார்கள். சில நினைவிடங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் காவலர் நிறுத்தவும் கூடும்.

பல விமான நிறுவனங்களில் கைப்பையின் வரம்பு 7 கிலோ. லென்ஸ்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அதற்குள் இந்தக் கணக்கு அடங்க வேண்டும்.

அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸைக் கொண்டுபோக நினைத்தால் அதன் எடையையும் சேருங்கள். வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்: நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளே மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை லென்ஸ்கள் தானாகக் குவியாது.

ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக

கொண்டுபோகத் தகுந்தது போலரைசர் ஒன்றுதான். நீரின் மேல் மினுமினுப்பையும் இலைகளின் பளபளப்பையும் நீக்கும் அதன் வேலையைக் கணினியில் பிறகு செய்ய முடியாது. சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டில் வானம் மிக அடர்த்தியாக மாறும். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) தின்னும் என்பதால் உள்ளே நுழைந்ததும் கழற்றிவிடுங்கள். இரண்டு லென்ஸ்களின் முன்வளைய அளவு வேறுபட்டால், பெரிய அளவுக்கு ஒரு போலரைசரும் அதைச் சிறிய லென்ஸில் பொருத்த ஒரு ஸ்டெப்-அப் வளையமும் போதும். வளையம் போட்டால் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) பெரும்பாலும் பொருந்தாது.

யூவி ஃபில்டரைப் பாதுகாப்புக்காகப் போட்டிருந்தால் இரவில் கழற்றுங்கள். தெருவிளக்குகளின் பச்சை நிழல்கள் வானத்தில் மிதப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். முன்கண்ணாடிக்கு அடிபடாமல் காக்க ஹூட் நல்ல காவல்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது

புது லென்ஸை விமானம் ஏறும் வாரம் வாங்காதீர்கள். பழுதானால் மாற்ற நேரம் இருக்காது. வந்ததும் இப்படிச் சோதியுங்கள்:

1. செங்கல் சுவருக்கு நேராக, இணையாக, டிரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு நொடி டைமர் வையுங்கள்.
2. ஜூமின் அகல முனை, நடு, நீள முனை மூன்றிலும், முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம்.
3. கணினியில் நூறு சதவீதத்தில் நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் நடுவைவிடச் சற்று மென்மையாக இருந்தால் அது இயல்பு. மூன்று தெளிவாக இருந்து ஒரு மூலை மட்டும் மங்கினால், முதலில் கேமரா சுவருக்குச் சரியாக இணையாக இருந்ததா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். அதே மூலை மறுபடி மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.
4. இரவில் தெருவிளக்கு ஒன்றை எடுத்து, நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ஒன்றிரண்டு தூசி படத்தில் தெரியாது, கவலை வேண்டாம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும், படம் வெளுத்துப்போகும்.

சோதனை முடிந்ததும், எடுத்துச்செல்லப் போகும் அந்த இரண்டு லென்ஸ்களை மட்டும் வைத்து ஒரு முழு நாள் வெளியே சுற்றுங்கள். எது குறைகிறது, எது கனக்கிறது என்று அன்று மாலையே தெரிந்துவிடும். எல்லாவற்றின் சீரியல் எண்களையும் ரசீதுகளையும் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டால், ஊரிலிருந்தே கொண்டுபோனது என்று காட்ட உதவும். காப்பீட்டுக்கும் இதே எண்கள் வேண்டும்.

வழியில்

உபரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருப்பவற்றைக் கைப்பையில் கொண்டுபோகலாம். கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 20-க்குள்தான் இருக்கும். முனைகள் உலோகத்தில் படாதபடி உறையில் போடுங்கள், அல்லது டேப் ஒட்டுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கப் பிடியுங்கள். புது லென்ஸின் பின்மூடியை முன்னதாகவே தளர்த்தி வைத்திருந்தால் சென்சார் திறந்திருக்கும் நேரம் ஐந்து நொடிக்குள் முடியும். மணல்வெளியிலும் அருவிச் சாரலிலும் மாற்றவே வேண்டாம். அன்று காலையே எந்த லென்ஸ் என்று முடிவெடுத்து அதோடு இருந்துவிடுங்கள். சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16-இல் தெளிந்த வானத்தை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். ரப்பர் ஊதி போதும். வாயால் ஊதினால் எச்சில் துளி படிந்து தூசியைவிடப் பெரிய தொல்லையாகும்.

ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் போகாது, மீண்டும் படியும். வெளியே வந்ததும் கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள். பனிப்பிரதேசத்தில் இதன் மறுபக்கம்: வெளியிலிருந்து அறைக்குள் வரும் முன், ஜிப் பையில் கேமராவைப் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா தப்பும். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரத்தில் படங்களைப் பிரதி எடுக்கலாம்.

கடற்கரைக்குப் போய்வந்த இரவு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடலையும் வளையங்களையும் முதலில் ஒற்றி எடுங்கள். உப்பு காய்ந்தபின் உலர்துணியால் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். முன்கண்ணாடிக்கு முதலில் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில் மைக்ரோஃபைபர் துணி, இந்த வரிசை மாறக் கூடாது. பின்கண்ணாடியையும் பாருங்கள். முன்னால் விழும் விரல் ரேகை படத்தில் அவ்வளவாகத் தெரியாது; பின்னால் விழுந்தது மறுநாள் எல்லாப் படத்திலும் மூட்டமாகத் தெரியும்.